ஜெகி வெலிதி தோகன்: அரசு எழுதிய வரலாற்றை மறுத்த தேசியவாதி

1932 ஜூலை 2ஆம் தேதி அங்காராவில் முதலாவது துருக்கிய வரலாற்று மாநாடு தொடங்கியது. 11ஆம் தேதி வரை நடந்தது. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வரலாற்று ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் முஸ்தபா கெமால் நேரில் வந்து உட்கார்ந்து கேட்டார். பெயர் மாநாடு என்றாலும் வேலை வேறு. முந்தைய ஆண்டு வெளிவந்த நான்கு தொகுதிப் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் புதிய வரலாற்றை ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் புதிய வரலாறு இப்படிப் போனது. துருக்கியரின் தாயகம் நடு ஆசியா. அங்கே ஒரு காலத்தில் பெரிய உள்நாட்டுக் கடல் இருந்தது. அது வற்றி நிலம் காய்ந்ததும் மக்கள் நாலா திசையிலும் கிளம்பினார்கள். சீனா, இந்தியா, மெசொப்பொத்தேமியா, எகிப்து, இன்றைய துருக்கியின் பெரும்பகுதியான அனத்தோலியா என்று போன இடமெல்லாம் நாகரிகத்தைக் கொண்டுபோனவர்கள் அவர்களே. பண்டைய மெசொப்பொத்தேமியாவின் சுமேரியர் துருக்கியர், பண்டைய அனத்தோலியாவை ஆண்ட ஹிட்டைட்டுகளும் துருக்கியர். இதைத் துருக்கிய வரலாற்றுக் கோட்பாடு என்று அழைத்தார்கள்.

மேடையில் இதை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் ரெஷித் காலிப். படிப்பால் மருத்துவர், கெமாலுக்கு நெருக்கமானவர். மானுடவியலாளர் ஷெவ்கெத் அஜிஸ் ஒருபடி மேலே போனார். அங்காராவுக்குப் பக்கத்திலிருக்கும் பாக்லும் கிராமத்திலிருந்து ஓர் உழவர் குடும்பத்தை அழைத்து வந்து, அவையின் முன் நிறுத்தி, அவர்களுடைய தலையமைப்பையும் நிறத்தையும் சுட்டிக்காட்டி, துருக்கியர் ஐரோப்பாவின் ஆல்பைன் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு இதோ சாட்சி என்றார்.

இப்படிப்பட்ட அவையில்தான் இஸ்தான்புல் நகரின் பழைய பல்கலைக்கழகமான தாருல்ஃபுனூனில் துருக்கிய வரலாறு கற்பித்துவந்த ஜெகி வெலிதி எழுந்து, நடு ஆசியா வரலாற்றுக் காலத்தில் வறண்டுபோனதற்குச் சான்று இல்லை என்றார்.

அவர் மறுத்தது ஒரே ஒரு கண்ணியைத்தான். ஆனால் முழுச் சங்கிலியும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கடல் வற்றவில்லை என்றால் பெரும் இடப்பெயர்வுக்குக் காரணம் இல்லை. இடப்பெயர்வு இல்லையென்றால் சுமேரியரையும் ஹிட்டைட்டுகளையும் துருக்கியராக்க வழி இல்லை.

யாரிடமிருந்து வந்தது இந்த மறுப்பு?

பழைய ஒட்டோமான் விசுவாசி ஒருவரோ மதத் தலைவர் ஒருவரோ இதைச் சொல்லியிருந்தால் அரசு எளிதாகத் தள்ளிவிட்டிருக்கும். சொன்னவரோ துருக்கிய இனப்பற்று இரத்தத்தில் ஊறியவர். அதற்காகத் துப்பாக்கி ஏந்தியவர்களோடு மலையிலும் பாலையிலும் மூன்று ஆண்டு திரிந்தவர். மறுப்பின் எடையைப் புரிந்துகொள்ள அவர் கடந்துவந்த பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அஹ்மத் ஜெகி 1890 டிசம்பர் 10ஆம் தேதி, ரஷ்யப் பேரரசின் உஃபா மாகாணத்தில் கூஜென் என்ற பாஷ்கிர் கிராமத்தில் பிறந்தார். தெற்கு உரால் மலையடிவாரம் அது; பாஷ்கிர்கள் அங்கே வாழும், துருக்கிய மொழி பேசும் முஸ்லிம் மக்கள். தகப்பனார் ஊர் முல்லா; மதரசா நடத்தியவர். அரபு அவரிடம் கற்றார், பாரசீகம் தாயாரிடம். தாய்மாமன் ஹபீப்நஜ்ஜார் நடத்திய மதரசாவில் மேற்படிப்பு. அந்த மாமன், கஸானின் பெரும் அறிஞர் மர்ஜானியிடம் பயின்றவர். குடும்பத்தின் எதிர்பார்ப்பு இவரும் முல்லாவாக வேண்டும் என்பது. 1908இல் வீட்டைவிட்டுக் கிளம்பிக் கஸான் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே காசிமிய்யா மதரசாவில் துருக்கிய வரலாறும் அரபு இலக்கியமும் கற்பிக்கத் தொடங்கிவிட்டார்.

1912இல் துருக்கியர், தாத்தாரியர் வரலாறு பற்றிய இவருடைய நூல் கஸானில் வெளிவந்தது. இருபத்தொரு வயது இளைஞனின் நூல். ஆனால் ரஷ்யக் கீழைத்தேயவியலாளர்களின் கண்ணில் பட்டது. கஸான் பல்கலைக்கழகத்தின் தொல்லியல், வரலாற்றுக் கழகம் இவரை 1913இல் ஃபெர்கானாவுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு, பேரறிஞர் பார்த்தோல்டின் ஆதரவோடு ரஷ்ய அறிவியல் கழகம் புகாராவுக்கு அனுப்பியது. முதல் பயணத்தில் நமங்கான் நகரில் ஒரு தனியார் வீட்டு நூலகத்தில் குதத்கு பிலிக்கின் சுவடி ஒன்றைக் கண்டுபிடித்தார். 11ஆம் நூற்றாண்டுத் துருக்கிய மொழிக் காவியம் அது. அதன் சுவடிகள் இன்றைக்கும் மூன்றுதான் கிடைத்திருக்கின்றன. இரண்டாம் பயணத்தில் கர்ஷியிலிருந்து பழந்துருக்கிய விளக்கவுரையோடு கூடிய குர்ஆன் சுவடி கிடைத்தது. தூசி படிந்த அலமாரிகளில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த கண் அவருக்கு. அந்தக் கண்தான் பின்னாளில் அங்காராவில் அவருக்கு வினையாகவும் முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மூலச் சான்றைக் கையில் தொட்டுப் பழகியவருக்கு மேடைப் பேச்சு போதாது.

1917 புரட்சி அவரை அரசியலில் தூக்கிப் போட்டது. மே மாதம் மாஸ்கோவில் கூடிய அனைத்து ரஷ்ய முஸ்லிம் மாநாட்டில் பெரிய பிளவு. ரஷ்யா ஒரே குடியரசாக இருக்கட்டும், நமக்குப் பண்பாட்டுத் தன்னாட்சி போதும் என்றது ஒரு பக்கம். நிலப்பரப்பு அடிப்படையில் கூட்டாட்சி வேண்டும் என்றது மறுபக்கம். கூட்டாட்சித் தீர்மானம் 446க்கு 271 என்ற வாக்கில் வென்றது. ஜெகி வெலிதி கூட்டாட்சிக்காரர். கஸான் தாத்தாரியத் தலைவர் சத்ரி மக்சூதி எதிர்முகாமில் இருந்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டு கழித்து அங்காரா மேடையில் இவர் மறுபடி வருவார்.

1917 நவம்பரில் ஓரன்பர்கில் பாஷ்கிர் தன்னாட்சி அறிவிக்கப்பட்டது. தலைமையில் ஜெகி வெலிதி. அடுத்த பிப்ரவரியில் போல்ஷெவிக்குகள் அவரைப் பிடித்து அடைத்தார்கள், ஏப்ரலில் தப்பினார். பாஷ்கிர் படை முதலில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படையோடு சேர்ந்து போரிட்டது. வெண்படைத் தலைவர் கொல்சாக் தன்னாட்சிகளையெல்லாம் கலைத்ததும், 1919 பிப்ரவரியில் படையோடு சோவியத் பக்கம் வந்தார். மார்ச் 20ஆம் தேதி மாஸ்கோவில் பாஷ்கிர் தன்னாட்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. லெனின், ஸ்டாலின், ட்ராட்ஸ்கி மூவரோடும் நேரில் பேசியவர். பதினான்கே மாதத்தில், 1920 மே ஆணை ஒன்று அந்தத் தன்னாட்சியின் உயிர்நாடியை அறுத்தது. ஜூனில் மாஸ்கோவைவிட்டு மறைந்து துர்க்கிஸ்தானுக்குப் போனார். அங்கே சோவியத்தை எதிர்த்த பஸ்மாச்சி கிளர்ச்சிக்காரர்களோடும் துர்க்கிஸ்தான் தேசிய ஐக்கிய அமைப்போடும் 1923 வரை. கிளர்ச்சியில் சேர்ந்திருந்த முன்னாள் ஒட்டோமான் போர் அமைச்சர் என்வர் பாஷா 1922 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும் ஜெகி வெலிதி தோழர் அப்துல்காதிரோடு ஈரான் எல்லையைக் கடந்தார்.

இரண்டு பக்கமும் மாறி மாறி நின்றதை வைத்து இவரைச் சந்தர்ப்பவாதி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் கேட்டது கடைசி வரை ஒன்றே: தன் மக்கள் தங்கள் நிலத்தில் தாங்களே ஆள்வது. அதைத் தருகிறேன் என்றவர்களோடு நின்றார். தரமாட்டோம் என்று அவர்கள் காட்டியதும் விலகினார்.

மஷ்ஹதில் கிடைத்த சுவடி

தோற்றுப்போன அரசியல்வாதி, அகதி, கையில் காசில்லை. இந்த நிலையில் 1923இல் மஷ்ஹத் நகரில், இமாம் ரெசா அடக்கத்தலத்தின் நூலகத்தில் போய் உட்கார்ந்து சுவடிகளைப் புரட்டியிருக்கிறார் மனிதர். அங்கேதான் அவருடைய வாழ்நாளின் பெரிய கண்டுபிடிப்பு.

921இல் பக்தாத் கலீஃபா அல்முக்ததிர் வோல்கா நதிக்கரையில் இருந்த பல்கார் அரசனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். குழுவில் சென்ற இப்னு ஃபத்லான் என்பவர் வழியில் கண்டதையெல்லாம் எழுதிவைத்தார். வோல்காவில் ரூஸ் வணிகர்கள் தங்கள் தலைவனின் உடலைப் படகில் வைத்து எரித்த காட்சியை நேரில் பார்த்து விவரித்தவர் அவரே. வடதிசை மக்களைப் பற்றி இதைவிட விரிவான அக்கால நேர்சாட்சி வேறில்லை. ஆனால் மூலநூல் தொலைந்துபோயிருந்தது. 13ஆம் நூற்றாண்டில் யாகூத் தன் புவியியல் அகராதியில் எடுத்தாண்ட பகுதிகள் மட்டும்தான் அறிஞர்களிடம் இருந்தன. மஷ்ஹத் சுவடியில், இப்னுல் ஃபகீஹின் புவியியல் நூலுக்கும் அபூ துலஃபின் பயணக் குறிப்புகளுக்கும் கூடவே, இப்னு ஃபத்லானின் பயண நூல் தொடர்ச்சியாக இருந்தது. முடிவுப் பகுதி மட்டும் இல்லை.

கண்டதை அவர் அறிவித்த இடமும் கவனிக்கத் தக்கது. 1924இல் ரஷ்ய அறிவியல் கழகத்தின் இதழில் இந்தச் சுவடி பற்றிய அவருடைய குறிப்பு வந்தது. தன்னைத் தேடிக்கொண்டிருந்த அரசின் நாட்டில் இருந்த அறிஞர்களோடு அவர் உறவை அறுத்துக்கொள்ளவில்லை.

இப்னு ஃபத்லான் பாஷ்கிர்களின் நிலத்தையும் கடந்துபோனார். அவர்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் எழுதவில்லை. துருக்கியரிலேயே மிகக் கெட்டவர்கள், அழுக்கர்கள், கொலைக்கு அஞ்சாதவர்கள் என்றார். தாடியை மழித்துவிட்டுப் பேன் தின்பார்கள் என்றார். குளிருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, மழைக்கு, காற்றுக்கு, மரத்துக்கு, மனிதருக்கு, குதிரைக்கு, நீருக்கு, இரவுக்கு, பகலுக்கு, சாவுக்கு, பூமிக்கு என்று பன்னிரண்டு தெய்வங்களை அவர்களில் சிலர் நம்பியதையும் எழுதினார். ஒரு கூட்டத்தார் கொக்கை வணங்கியதையும் அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் குறித்தார்: ஒருமுறை போரில் தோற்று ஓடும்போது கொக்குகள் பின்னாலிருந்து கத்த, பகைவர்கள் மிரண்டு ஓடிவிட்டார்களாம். தன் முன்னோரைப் பற்றிய இந்த வரிகளைக் கண்டெடுத்தவர் ஒரு பாஷ்கிர் தேசியத் தலைவர். அவற்றை மறைக்கவும் இல்லை, மெழுகவும் இல்லை. பக்கம் பக்கமாகப் பதிப்பித்து, மொழிபெயர்த்து, குறிப்பு எழுதினார். 1932இல் அவர் ஏன் எழுந்து நின்றார் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செயலே போதுமான விளக்கம் என்று நினைக்கிறேன்.

ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பா சேர்ந்தார். பாரிஸிலும் பெர்லினிலும் சில காலம். துருக்கியிலிருந்து அழைப்பு வர, 1925 மே மாதம் அங்கே வந்து குடியுரிமை பெற்றார். அங்காராவில் கல்வி அமைச்சகத்தின் நூலாக்க, மொழிபெயர்ப்புக் குழுவில் வேலை. 1927 முதல் தாருல்ஃபுனூனில் ஆசிரியப் பணி.

அரசுக்கு அந்தக் கோட்பாடு ஏன் தேவைப்பட்டது?

கோட்பாட்டை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதன் பின்னே உண்மையான காயம் இருந்தது. முதல் உலகப்போரில் தோற்ற பேரரசை 1920இல் செவ்ரே ஒப்பந்தம் கூறுபோட்டது. துருக்கியர் அனத்தோலியாவுக்கு வந்தேறிகள், நாகரிகத்துக்கு எதுவும் தராதவர்கள் என்பது ஐரோப்பிய நூல்களில் சாதாரணமாகப் புழங்கிய பேச்சு. 1928இல் கெமாலின் வளர்ப்பு மகள் ஆஃபெத் ஒரு பிரெஞ்சுப் பாடநூலைக் கொண்டுவந்து, துருக்கியர் மஞ்சள் இனத்தவர், இரண்டாந்தரமானவர் என்று அதில் எழுதியிருப்பதைக் காட்டியதிலிருந்து இந்த முயற்சி வேகம் பிடித்தது. 1930இல் துருக்கிய வரலாற்றின் முக்கியக் கோடுகள் என்ற பெரிய நூல், 606 பக்கம், 100 பிரதி மட்டும் அச்சிடப்பட்டு அறிஞர்களிடம் கருத்துக்கு அனுப்பப்பட்டது. 1931 ஏப்ரலில் வரலாற்று ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டு பாடநூல்கள்.

நடு ஆசியா காய்ந்தது என்ற கருத்துகூடத் துருக்கியில் பிறந்ததல்ல. க்ரொபோட்கின், பம்பெல்லி, ஹன்டிங்டன் போன்ற ரஷ்ய, அமெரிக்க ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. அதே காலத்தில் ஆரல் கடலை ஆராய்ந்த லெவ் பெர்க் அதை மறுத்தார். பார்த்தோல்டோ துர்க்கிஸ்தானின் நீர்ப்பாசன வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருந்தார். ஆக, இது அறிஞர்கள் இரு தரப்பாக நின்று வாதாடிய கேள்வி. அங்காரா ஒரு தரப்பை மட்டும் எடுத்து அரசுக் கொள்கையாக்கிக்கொண்டது. ஜெகி வெலிதிக்கு மறுதரப்பு நன்றாகத் தெரியும். அந்த வாய்க்கால்களையும் பாழடைந்த ஊர்களையும் குதிரையில் போய்ப் பார்த்தவர் அந்த அவையில் அவரைப் போல் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1930 நூலைப் பற்றியும் தம் மறுப்புகளை அவர் எழுத்தில் கொடுத்திருந்தார். அவை கண்டுகொள்ளப்படவில்லை. மாநாட்டில் அவர் பேசியது திடீர் ஆவேசம் என்று சிலர் சித்திரித்தாலும், உண்மையில் அது முன்பே பதிவான கருத்தின் தொடர்ச்சி.

மறுப்புக்குக் கிடைத்த பதில்

ரெஷித் காலிப் பதிலளித்தார். நடு ஆசியாவின் தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசிவிட்டு, தாருல்ஃபுனூனில் ஜெகி வெலிதியின் மேசைக்கு முன்னால் மாணவனாக உட்காராமல் போனதற்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு குத்து வைத்தார். சத்ரி மக்சூதியும் எதிர்த்துப் பேசினார். 1917இன் பழைய கணக்கு மறுபடி திறந்தது. ஷெம்செத்தின் குனால்தாய், பின்னாளில் நாட்டின் பிரதமரானவர், நேராக ஆளையே தாக்கினார். ரஷ்யாவில் துருக்கியரின் ஒற்றுமையை உடைத்து பாஷ்கிரைத் தனியே பிரித்தவர் இவர், அதே வேலையை இங்கேயும் செய்யப் பார்க்கிறாரா என்று கேட்டார்.

மழையளவு பற்றிய கேள்வி துரோகம் பற்றிய கேள்வியாக மாறிய கணம் அது. சான்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரிடம் விசுவாசத்தைக் கேட்டார்கள். நாடு மாறி வந்த அகதிக்கு அதைவிடக் கூரிய ஆயுதம் தேவையில்லை.

அவையில் இருந்த பெரிய வரலாற்றாளர் ஃபுவாத் கோப்ருலுவுக்கும் ஆய்வுமுறை பற்றித் தயக்கங்கள் இருந்தன. எச்சரிக்கையாகச் சிலவற்றைச் சொல்லிப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் தாம் கோட்பாட்டுக்கு மாறானவர் இல்லை என்று தெளிவுபடுத்திப் பின்வாங்கிக்கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. துருக்கியில் நவீன வரலாற்றாய்வை நிலைநாட்டியவர் அவர். தம் கல்விக்கூடத்தையும் மாணவர்களையும் காத்துக்கொண்டதால்தான் அந்தப் பணி தொடர்ந்தது. ஆனால் அன்று அவர் பின்வாங்கியதால் ஜெகி வெலிதி தனியாளானார் என்பதும் உண்மை.

இஸ்தான்புல்லிலிருந்து எட்டு மாணவர்கள் ரெஷித் காலிப்புக்குத் தந்தி அடித்தார்கள்: ஜெகி வெலிதியின் மாணவர்களாக இருப்பதில் நாங்கள் பெருமைப்படுகிறோம். முன்னின்றவர் நிஹால் அட்சிஸ். கையெழுத்திட்டவர்களில் பெர்தெவ் நைலி போராதாவும் ஒருவர். இந்த இருவரும் பிற்காலத்தில் எதிரெதிர்த் துருவங்களானார்கள். அட்சிஸ் இனவாதத் துருக்கியத்தின் குரலானார். போராதாவ் நாட்டார் வழக்காற்றியலின் முன்னோடியாகி இடதுசாரியாக அறியப்பட்டார். 1932இல் ஒரே தந்தியில் சேர்ந்து நின்றார்கள்.

ஜெகி வெலிதி பதவி விலகினார். நாட்டைவிட்டும் கிளம்பினார். அந்தச் செப்டம்பரில் ரெஷித் காலிப் கல்வி அமைச்சரானார். அட்சிஸ் உதவியாளர் வேலையை இழந்தார். 1933 ஆகஸ்டில் தாருல்ஃபுனூனே மூடப்பட்டு, அதன் இடத்தில் இஸ்தான்புல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. பழைய ஆசிரியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளியே. அதே ஆண்டு தொடங்கிய அரசு வங்கிக்குச் சுமேர்பாங்க் என்றும், 1935இல் தொடங்கிய சுரங்க வங்கிக்கு, ஹிட்டைட்டுகளை நினைவூட்டும்படி, எத்திபாங்க் என்றும் பெயர்.

மாநாட்டின் நடவடிக்கைக் குறிப்புகளைக் கல்வி அமைச்சகமே நூலாக அச்சிட்டது. ஜெகி வெலிதியின் மறுப்பும் அதற்குக் கிடைத்த வசையும் அப்படியே அதில் இருக்கின்றன. அன்று நடந்ததை இன்று நாம் இவ்வளவு விவரமாக அறிய முடிவது அந்த நூலால்தான்.

வியன்னா ஆண்டுகள்

நாற்பதைக் கடந்த வயதில், பேராசிரியராக இருந்தவர் வியன்னாவில் மாணவராகச் சேர்ந்தார். 1935இல் இப்னு ஃபத்லான் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். அதற்கிடையே 1934இல், மணலில் புதைந்த பதினேழு நகரங்கள் பற்றிச் சத்ரி மக்சூதிக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதி இஸ்தான்புல்லில் வெளியிட வைத்தார். மணல் மூடிய ஊரைக் காட்டி மழை பொய்த்தது என்று முடிவுகட்டக் கூடாது. போர், ஆட்சிமாற்றம், பராமரிப்பில்லாத வாய்க்கால் எல்லாம் ஊரைக் காலிசெய்யும். வாதம் இந்தத் திசையில்தான். பிறகு பான் பல்கலைக்கழகம், 1938இலிருந்து கோட்டிங்கன்.

1939இல் அவருடைய இப்னு ஃபத்லான் பதிப்பு லைப்ஸிக்கில் வெளிவந்தது: அரபு மூலம், ஜெர்மன் மொழிபெயர்ப்பு, நீண்ட குறிப்புகள். அதே 1939இல் லெனின்கிராடிலும் ஒரு ரஷ்யப் பதிப்பு வந்தது. மொழிபெயர்த்தவர் கொவலெவ்ஸ்கி, ஆனால் அவர் கைதாகியிருந்ததால் நூலில் அவர் பெயர் இல்லை, பதிப்பாசிரியர் க்ராச்கோவ்ஸ்கியின் பெயர் மட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தூதரின் குறிப்புகளை உலகுக்குத் தந்த இருவரில் ஒருவர் நாடிழந்தவர், மற்றவர் சிறையில் பெயரிழந்தவர். இந்தச் செய்தியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

இரண்டாவது தண்டனை

1938 நவம்பரில் கெமால் அத்தாதுர்க் மறைந்தார். புதிய கல்வி அமைச்சர் ஹசன் அலி யூஜெல் காலத்தில், 1939இல் ஜெகி வெலிதி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். இப்போது தோகன் என்ற குடும்பப்பெயரோடு. பொதுத் துருக்கிய வரலாற்றுத் துறை அவர் கையில்.

அமைதி ஐந்து ஆண்டுதான். 1944 வசந்தத்தில் அட்சிஸ் பிரதமருக்குத் திறந்த மடல்கள் எழுதி, அரசுப் பணியில் கம்யூனிஸ்டுகள் இருப்பதாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். அந்தப் பட்டியலில் எழுத்தாளர் சபாஹத்தின் அலியோடு, 1932இல் தம்மோடு கையெழுத்திட்ட அதே போராதாவும் இருந்தார். மே 3ஆம் தேதி அங்காராவில் ஆர்ப்பாட்டம். ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்த நேரம். சோவியத்தை உரசிப் பார்க்கும் நிலையில் துருக்கி அரசு இல்லை. மே 19ஆம் தேதி குடியரசுத் தலைவர் இனோனு உரையாற்றி, எல்லாத் துருக்கிய இன மக்களையும் ஒன்றாக இணைக்க விரும்பிய துரானியவாதிகளைக் கண்டித்தார். இனவாத-துரானிய வழக்கில் 23 பேர்; அட்சிஸ், அல்பர்ஸ்லான் துர்கேஷ் ஆகியோரோடு தோகனும் கைதானார். விசாரணையின்போது தாங்கள் சித்திரவதை செய்யப்பட்டதாக அவர்களில் பலர் பிற்பாடு எழுதினார்கள்.

1945 மார்ச் 29ஆம் தேதி தோகனுக்குப் பத்து ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அட்சிஸுக்கு விதித்ததைவிட அதிகம். அக்டோபரில் இராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உடைத்ததும் வெளியே வந்தார். மறுவிசாரணையில் 1947 மார்ச் 31ஆம் தேதி அனைவரும் விடுதலை. 1948இல் மறுபடி பல்கலைக்கழக வேலை. அதே ஆண்டில்தான் போராதாவ் அங்காராப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்; அவர் ஃபிரான்சுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து 1998இல் காலமானார்.

1932இல் போதிய தேசியவாதி இல்லை என்று விரட்டப்பட்டவர், 1944இல் அளவுக்கு மீறிய தேசியவாதி என்று சிறையில் அடைக்கப்பட்டார். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் அவருடைய அடிப்படைக் கருத்துகள் பெரிதாக மாறவில்லை. அரசுக்குத் தேவைப்பட்டதுதான் மாறியது.

எங்கே சரி, எங்கே தவறு

தோகனைச் சான்றின் காவலர் என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி உண்மையே ஆகும். 1946இல் வெளிவந்த பொதுத் துருக்கிய வரலாற்று அறிமுக நூலில் பழைய சகர்களையும் துருக்கியரோடு சேர்த்தார். இன்றைய மொழியியலாளர்கள் சகர் மொழி ஈரானியக் கிளையைச் சேர்ந்தது என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். செங்கிஸ்கான் பற்றிய எழுத்திலும் துருக்கியத் தொடர்பைத் தேவைக்கு மேல் இழுத்தார். தன் இனத்தின் கதையைப் பெரிதாக்கும் ஆசை அவருக்கும் இருந்தது. அங்காராக்காரர்களுக்கு இருந்த அதே ஆசை.

வேறுபாடு வேறோர் இடத்தில். 1950இல் அவர் வெளியிட்ட வரலாற்று ஆய்வுமுறை நூல் துருக்கியில் அத்துறைக்குப் பல தலைமுறை மாணவர்களின் கையேடாயிற்று. சான்றைச் சோதிப்பது எப்படி, ஒரு சுவடியை இன்னொன்றோடு ஒப்பிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் நூல். அதைப் படித்தவர் அதே கருவிகளைக் கொண்டு சகர் பற்றிய தோகனின் கூற்றையும் உடைக்க முடியும். 1932 கோட்பாடு தன்னைச் சோதிக்க யாருக்கும் வழி வைக்கவில்லை. சோதிக்க முயன்றவரின் தேசப்பற்றைத்தான் சோதித்தது.

1951 செப்டம்பரில் இஸ்தான்புல்லில் 22ஆவது உலகக் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியது. தலைவர் தோகன். பல நாட்டு அறிஞர்கள் வந்திருந்தார்கள். அதற்குள் துருக்கிய வரலாற்றுக் கோட்பாடு ஆய்வுலகில் பேச்சிழந்துவிட்டது. யாரும் அதை முறையாக வாபஸ் வாங்கவில்லை, மேற்கோள் காட்டுவதை மட்டும் மெல்ல விட்டுவிட்டார்கள். 1953இல் தோகனின் தலைமையில் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் இயங்கத் தொடங்கியது. 1967இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் தந்தது. 1970 ஜூலை 26ஆம் தேதி இஸ்தான்புல்லில் காலமானார். மகள் இசென்பிகே தோகனும் நடு ஆசிய வரலாற்றாளர்.

சோவியத் ஒன்றியத்தில் அவருடைய பெயர் வெகுகாலம் வசைச்சொல்லாக இருந்தது. வலிதோவ் என்ற அவருடைய ரஷ்யப் பெயரை வைத்து உருவான வலிதோவியம் என்ற குற்றச்சாட்டு பாஷ்கிர் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் பலரைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பியது. ஒன்றியம் உடைந்தபின் உஃபாவில் உள்ள பாஷ்கிர் தேசிய நூலகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். இப்போது அங்கே சிலருக்கு அவர் நாயகர், சிலருக்கு இன்னும் துரோகி.

சாவதற்கு முந்தைய ஆண்டு, 1969இல், தோகன் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். பெரிய நூல், உரால் கிராமத்திலிருந்து லெனினின் அறை வரை, புகாராவின் பாலைகளிலிருந்து மஷ்ஹத் நூலகம் வரை எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. படிக்க விரும்புபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அதிலுள்ள பல உரையாடல்கள் நடந்து அரை நூற்றாண்டு கழித்து, வழக்கில் ஒரு தரப்பாக நின்றவரே எழுதியவை. 1917 முதல் 1923 வரையிலான பகுதியைப் படிக்கும்போது, முடிந்தால் அந்தக் காலத்து பாஷ்கிர், சோவியத் ஆவணத் தொகுப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம் மாணவர்களிடம் அவர் கேட்டதும் அதைத்தான்.